தானாக நின்ற வரிசை

வந்தவர் ஒரே நிமிடத்தில் காரச்சேவு வாங்கிக்கொண்டு போய்விட்டார். முத்துக்கிருஷ்ணனின் கஷ்டமே அதுதான்.

சாத்தூரில் சேவுக்கடை என்றால் வாசலில் வரிசை இருக்க வேண்டும். அவருடைய அப்பா காலத்தில் இருந்தது. ஒரே எண்ணெய்ச் சட்டி, ஒரே தராசு, திரும்பினால் முழங்கை இடிக்கிற கடை. ஆனால் வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையைத் தாண்டிப் போகும். அப்பா காலமானதும் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்த முத்துக்கிருஷ்ணன், எம்.பி.ஏ. படித்த தோஷத்தால், தொழிலை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார். நம் ஊரில் அடுத்த கட்டம் என்றால் கட்டடம். வங்கிக் கடனில் கண்ணாடிச் சுவர், ஏ.சி., மூன்று கம்ப்யூட்டர் கவுண்டர். சிவகாசியில் நாலு கலரில் அச்சடித்த பைகளில் அவரே எழுதிய வாசகம்: "தரம் நின்றால் வரிசை தானாக நிற்கும்."

இதை வணிகர் சங்கக் கூட்டத்திலும் சொன்னார். சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் இடமும் விட்டார்.

தரம் நின்றது. வரிசைதான் நிற்கவில்லை. காரில் வருகிறவர்கள் காலிக் கண்ணாடியைப் பார்த்து, "ஆளே இல்லையே, பழைய சரக்கா இருக்கும்" என்று எதிர்க்கடைக்குப் போனார்கள். இப்படியே போனால் பங்குனிக்குள் கடையை வங்கி எடுத்துக்கொள்ளும்.

யோசித்ததில் காரணம் புலப்பட்டது. வேகம்! மூன்று கவுண்டர் இருந்தால் வரிசை எப்படி நிற்கும்?

"மாரிக்கண்ணா, ரெண்டு கவுண்டர மூடு. மெதுவா நிறு."

மாரிக்கண்ணன் அப்பா காலத்திலிருந்தே தராசில் நிற்பவர். "எம்புட்டு மெதுவா முதலாளி?"

"ஒவ்வொரு சேவா."

மாரிக்கண்ணன் அப்படியே செய்தார். மூன்றாவதாக நின்ற ஆனைக்குட்டத்துக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சேவு நிறுக்கியா, தங்கம் நிறுக்கியா? பஸ்சு போயிரும்யா!"

அவர் போனார். வரிசை இரண்டு பேராகச் சுருங்கி, அவர்களும் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்.

மாரிக்கண்ணன் தலையைச் சொறிந்தார். "வரிசைதான் வேணும்னா வேலுத்தாயக் கூப்பிடணும் முதலாளி. தாயில்பட்டியில கூலிக்கு ஆள் கூட்டியாந்து விடுறவுக. தீபாவளி முடிஞ்சு பட்டாசுக் கம்பெனியெல்லாம் பூட்டிக் கெடக்கு. ஆளுக சும்மாதான் இருக்காக."

காசு கொடுத்து ஆள் நிறுத்துவதா என்று முத்துக்கிருஷ்ணனின் மனம் கூசியது. 'தற்காலிக வாடிக்கையாளர் ஊக்குவிப்புத் திட்டம்' என்று பெயர் வைத்ததும் கூச்சம் போய்விட்டது.

வேலுத்தாய் வந்து, கொத்தனார் மனை பார்ப்பதுபோல வாசலை அளந்து பார்த்தார்.

"நெழல் வரிசையா, வெயில் வரிசையா?"

"அப்படி வேற இருக்கா?"

"நகருற வரிசையா, நகராத வரிசையா? நகராததுக்கு அம்பது ரூவா கூட. காலு கடுக்கும்லா."

"நகரட்டும்."

"சண்டை வேணுமா?"

"என்ன சண்டை?"

"'நான்தான் முந்தி வந்தேன்'னு ரெண்டு பேரு மல்லுக்கட்டுனா ரோட்டுல போற வண்டி நிக்கும். அதுக்குத் தனி ரேட்டு."

முத்துக்கிருஷ்ணன் சண்டையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வரிசை அபாரம். கார்கள் நின்றன. ஆனால் மத்தியானத்துக்குள் ஒரு கார்க்காரர் சந்தேகப்பட்டார்: "இம்புட்டு நேரம் நின்னுட்டு வெறுங்கையோட போறாகளே, சேவு நல்லால்லையோ?"

உடனே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் கொடுக்கப்பட்டது. முன்வாசலில் வாங்கி, பின்வாசலில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முன்வாசல் வழியாகப் போனதில் பாதி பின்வாசலுக்கு வந்து சேரவில்லை. வரிசையில் ஐந்தாவதாக நின்ற செல்லச்சாமி பஸ் ஸ்டாண்டில் பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

"இங்கன வரிசையே இல்ல, வாங்க வாங்க!" என்று கூவியும் விற்றார்.

முத்துக்கிருஷ்ணன் இரவெல்லாம் யோசித்து, வரிசைக்காரர்களின் பொட்டலத்தில் மட்டும் மரத்தூள் நிரப்பச் சொன்னார். அவசரத்தில் ஒரு பொட்டலம் நிஜ வாடிக்கையாளரிடம் போய்விட்டது. அவர் மறுநாள் அதே பொட்டலத்தோடு திரும்பி வந்தார். மாரிக்கண்ணன் தராசுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"நேத்து வாங்குனதுல காரம் பத்தல" என்றார்.

தரத்தைப் பற்றி முத்துக்கிருஷ்ணனுக்கு முதல்முறையாக ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. பொங்கல் முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் திறந்துவிட்டன. வேலுத்தாய் கவுண்டருக்கு வந்தார்.

"முதலாளி, ஆளுக கம்பெனிக்குப் போறேங்காக. நிப்பாட்டி வைக்கணும்னா அன்னாடம் கூலி குடுத்துருங்க. சனிக்கெழம வரைக்கும் தாங்காது."

"சனிக்கிழமைதான் சம்பளம். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் ஏத்தியிருக்கு."

"கம்ப்யூட்டர வேணும்னா வரிசையில நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் போய்விட்டார்.

மறுநாள் காலை கடை திறந்தபோது அதே வரிசை, அதே ஆட்கள், அதே 'நான்தான் முந்தி' சண்டை. எல்லாம் எதிர்க்கடை வாசலில். அதைப் பார்த்து முத்துக்கிருஷ்ணனின் நிஜ வாடிக்கையாளர்களும் அங்கே போய் நின்றார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, கடன் கொடுத்த வங்கியின் மேனேஜர் கடையைப் பார்க்க வந்தார். கையில் எதிர்க்கடைச் சேவு கால் கிலோ.

"ஸாரி சார், வரிசையப் பார்த்ததும் அதுதான் உங்க கடைன்னு நின்னுட்டேன். நல்ல கூட்டம். அவங்களுக்கு லோன் ஏதாவது தேவைப்படுமா, கேட்டுச் சொல்றீங்களா?"

முத்துக்கிருஷ்ணன் கடையை விட்டு இறங்கினார். ரோட்டைத் தாண்டினார். பின்னாலேயே மாரிக்கண்ணன் ஓடினார். வரிசையில் மூன்றாவதாக, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலுத்தாய் வெகு இயல்பாக நின்றிருந்தார்.

"வேலுத்தாயம்மா, இது நியாயமா? தினக்கூலியே தர்றேன், வந்து நில்லுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. எங்கப்பா காலத்துல இப்படிப் பேரம் பேசி ஒருத்தரும் நிக்கல. வெயில்னு பார்க்காம, மழைன்னு பார்க்காம ஊரே நின்னுச்சு. அது காசுக்கு நின்ன கூட்டம் இல்ல, ருசிக்கு நின்ன கூட்டம்!"

மாரிக்கண்ணன் சட்டென்று எதிர்க்கடையின் விலைப்பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

வேலுத்தாய் வரிசையோடு ஓரடி நகர்ந்துகொண்டே சொன்னார்:

"உங்கய்யாவ ஒரு கொற சொல்ல மாட்டோம் முதலாளி. அன்னன்னைக்கு நின்ன கூலிய எங்க அம்புட்டுப் பேருக்கும் எண்ணிக் குடுத்துட்டுத்தான் கல்லாவையே பூட்டுவாக."