நம்பர் பூட்டுக்குப் பொட்டு வைத்த கல்யாணம்

எனக்கு வயது எண்பது ஆகிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு (ஆறாவது என் கொழுந்தன் பிள்ளை; அவனும் என்னைத்தான் அம்மா என்பான்). ஆறு பேருக்கும் நின்று கல்யாணம் முடித்தவள் நான். ஐந்து கல்யாணத்தை ஊர் மறந்துவிட்டது. மூத்தவன் முருகேசன் கல்யாணத்தை மட்டும் ஒருத்தரும் மறக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் நடந்தது. பெண் மாதம்மாள், மாரண்டஹள்ளிக்காரி. அவளுடைய மாமன்மார் பெங்களூரில் கம்பெனி வேலை. தாலியையும் கூறைப்புடவையையும் மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தில் வைத்து எடுத்துப் போவதுதான் எங்கள் வழக்கம். பெங்களூர்க்காரர்கள் முன்னால் தாம்பாளமா? எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. (போகப்போகிற மானத்துக்கு இது எம்மாத்திரம் என்று அப்போது தெரியாது.)

நாத்தனார் சின்னப்பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, தருமபுரியில் பழைய சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனேன். அங்கே சிவப்பாக ஒரு சூட்கேஸ் வாய் திறந்து கிடந்தது. சாவி போட ஓட்டை இல்லை. எண் போட்ட மூன்று சின்னச் சக்கரங்கள். யாரோ ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம்.

"சாவி கெடையாதுங்கம்மா. இப்ப நிக்குது பாருங்க நம்பரு, அதான் சாவி. மனசுல வெச்சிக்குங்க. சக்கரம் நவுந்துட்டா எனக்கே தொறக்கத் தெரியாது" என்றார் பாய்.

குனிந்து பார்த்தேன். அந்தக் காலத்தில் எனக்கு ஓர் எண்ணும் படிக்கத் தெரியாது. பஸ்ஸைக்கூட நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். அதை நாத்தனார் எதிரில் சொல்வதா?

"ஆச்சுங்க பாய், மனசுல ஏறிடுச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சக்கரத்தில் அழுக்கு ஏறியிருந்தது; மூன்றையும் உருட்டி உருட்டிப் பளபளப்பாக்கினேன். தாலி போகிற பெட்டி வெறுமையாகப் போகலாமா? சந்தனத்தைக் குழைத்துச் சக்கரங்களின் மேல் அப்பி, குங்குமமும் வைத்தேன். பார்க்க அம்மன் மாதிரியே இருந்தது. தாலி, கூறை, மெட்டி எல்லாம் உள்ளே வைத்து மூடி அழுத்தினேன். 'டக்'கென்று விழுந்தது. அந்தச் சத்தமே பெங்களூர்ச் சத்தமாக இருந்தது எனக்கு.

மறுநாள் மாரண்டஹள்ளி மண்டபத்தில், "கூறையைக் கொடுங்கோ, பொண்ணு மாத்திண்டு வரட்டும்" என்றார் ஐயர். நான் நாலு பேர் பார்க்க மேடையேறி, பெட்டியை மடியில் வைத்துத் திறந்தேன். திறக்கவில்லை.

மணையில் உட்கார்ந்திருந்த முருகேசன் எட்டிப் பார்த்தான். "நம்பர் என்னம்மா?"

"அதுல நிக்கறதுதான்டா நம்பரு."

"எங்கம்மா நிக்குது? சந்தனந்தான் தெரியுது!"

சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. பெங்களூர் மாமன் ஒருவர் ஊக்கால் சுரண்டினார். ஒரு சக்கரம் லேசாக அசைந்ததும் ஆளாளுக்கு ஒரு நம்பர் சொன்னார்கள். ஒருவர் பென்னாகரம் பஸ் நம்பர், ஒருவர் தன் லாரி நம்பர். மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுத் தன் ரேஷன் கார்டு நம்பரைச் சொன்னார். மற்ற இரண்டு சக்கரமும் அசைந்தால்தானே?

"ஏன் அண்ணி, பாய் கடையில மனசுல ஏறிடுச்சுன்னீங்களே, வர்ற வழியில எறங்கிக்கிச்சா?" என்றாள் சின்னப்பாப்பா. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ கடப்பாரையோடு வந்தார். பெண்ணைப் பெற்றவர் குறுக்கே நின்றார்.

"தாலி இருக்கற பொட்டியைக் கடப்பாரை போட்டு ஒடைப்பீங்களா? எம்பொண்ணு வாழ வேண்டாமுங்களா?"

அவர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா ஒரு விரலி மஞ்சளை எடுத்து, மஞ்சள் கயிற்றில் முடிந்து, என் மகன் கையில் கொடுத்தார். பெண் அவர்கள் எடுத்த புடவையோடே உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து போனதில் அந்தக் கல்யாணத்துக்கு உதவியது மாப்பிள்ளை மட்டும்தான். பூட்டிய பெட்டியை இடுக்கிக்கொண்டு நான் அட்சதை போட்டேன்.

ஊருக்கு வந்து பெட்டியை உடைத்தோம். தங்கத் தாலியை எடுத்து மருமகளிடம் நீட்டினேன். "நல்ல நாள் பாத்து இதை மாத்திக் கட்டிக்க சாமி."

"வேண்டாங்க அத்தை. நேரத்துக்கு வந்தது எங்கம்மா குடுத்த மஞ்சளுதான். அது பொட்டிக்கே இருக்கட்டும்."

இன்றைக்கும் அந்தத் தங்கத் தாலி உடைந்த பெட்டியில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் புது மஞ்சளை முடிந்து கட்டிக்கொள்கிறாள், என் கண் எதிரிலேயே. நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ஊறுகாய் ஜாடி திறக்கவில்லை என்றாலும், யாருடைய போனாவது பூட்டிக்கொண்டாலும், "ஆயா பொட்டு வெச்சிருச்சா பாரு!" என்று வீடே சிரிக்கும். மாதம்மாள் சிரிக்க மாட்டாள். அவள் ஒரு தடவை சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறியிருக்கும்.

ஊரில் முதியோர் பள்ளி வைத்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து எண்ணும் எழுத்தும் பழகினேன். அதனால்தான் இதையே எழுத முடிந்தது.

கண்ணு, இங்க வா. இதை ஒருக்கா படிச்சுக் காட்டு. உங்கம்மா அடுப்படியில இருக்கறா, அவ காதுல விழற மாதிரி சத்தமாவே படி. எனக்கு நம்பர் தெரியாதுன்னு எழுதியிருக்கற எடத்துல மட்டும் கொஞ்சம் மெல்லப் படி.