பதினொரு சாவுக்கும் நானே பொறுப்பு

அன்பும் படிப்பும் நிறைந்த மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் அக்காவும் நலம். என்னோடு மட்டும் மூன்று நாளாகப் பேச்சில்லை. உங்கள் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்க மொபைலில் ஒரு விளையாட்டு கொடுத்தீர்களே, அது பற்றி ஒரு வாக்குமூலம் தரவே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை குழாய் வேலை முடிந்து வந்தால், பரீட்சை நேரத்தில் மகள் படுத்தபடி போனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். "டாக்டருக்குப் படிக்கிற புள்ளைக்கு விளையாட்டு ஒரு கேடா?" என்று பிடுங்கினேன். "அப்பா, அது பாடம்! உள்ள நோயாளி இருக்காரு!" என்று அலறினாள். பார்த்தால், திரையில் ஒரு பெரியவர் காய்ச்சலில் முனகுகிறார். மனுஷன் முனகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? ஊசிப் படத்தைத் தொட்டேன். ஆள் காலி. அந்த மருந்து அவருக்கு ஒத்துக்காதாம், முதலில் கேட்டிருக்கணுமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மறுபடி எடுத்தேன், மயங்கி விழுந்தவருக்குச் சர்க்கரை பார்க்காமல் மருந்து கொடுத்தேன், அவரும் போனார், அடுத்தவரையாவது காப்பாற்றுவோம் என்று இறங்க, வியாழனுக்குள் பதினொரு பேர். ஒவ்வொரு சாவுக்கும் மகளுக்கு மார்க் குறையுமாம்.

"புள்ள மார்க்குல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று உங்கள் அக்கா ஒரே ரகளை. விடுவேனா? மகளின் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள்.

"அப்பா, ஒரு வீட்ல தண்ணி வரலைன்னா போனதும் செவுத்த ஒடைப்பீங்களா?"

"சேச்சே. எப்பலேர்ந்து வரலைன்னு கேப்பேன்."

"அவ்ளோதாம்ப்பா டாக்டர் வேலையும்."

பன்னிரண்டாமவரிடம் பதினேழு கேள்வி கேட்டேன். பிழைத்துக்கொண்டார்! எழுந்து உட்கார்ந்து கையசைத்தார். நானும் எழுந்து நின்று கையசைத்தேன்.

ஆகவே, பதினொரு சாவையும் என் தலையில் எழுதி, மகளின் மார்க்கைக் காப்பாற்றும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. நோய்நொடி இல்லாமல் இருங்கள். நோய் வந்தால் என்னிடம் வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: இதைப் படித்துவிட்டு மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். திங்கட்கிழமையே உங்களைக் கேட்டுத்தான் விளையாட்டில் எனக்கென்று தனிக் கணக்குத் திறந்து, முதல் சாவையும் அதிலேயே ஏற்றி, தன் மார்க்கைக் காப்பாற்றிக்கொண்டாளாமே? ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா நிறுத்திடுவீங்க. எதெல்லாம் செய்யக்கூடாதுன்னு உங்களப் பாத்துத்தாம்ப்பா எங்க வகுப்பே படிக்குது" என்கிறாள். எனவே மேலே கொடுத்த வாக்குமூலத்தை வாபஸ் வாங்குகிறேன். பதின்மூன்றாமவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். பாவம், எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும்.