வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர்

“வந்துட்டான்யா மறுபடியும்!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பிரேக்கை மிதித்தார். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், அவர் வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் சட்டமாக நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வருவது யாரென்று ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. காலையில் வரும், சாயங்காலம் போய்விடும். கடைக்காரர் தன் காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் பையோடு மூச்சிரைக்க நடந்து வந்தார்.

“ஏதாவது அவசரமா இருக்கும்ப்பா,” என்றாள் அவர் வரன் தேடிக்கொண்டிருந்த மகள், வேலைக்குக் கிளம்பியபடியே.

“தினமுமா அவசரம்?”

“விடுங்களேன். கார் என்ன, வாசலைத் தின்னுடுமா?” என்றாள் மனைவி.

விடுகிற ஆளா அவர்? மறுநாள் வெளியே போகும்போது வாசலில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் தொட்டிகள் சுவரோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றியிருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கார்.

“பாத்தியா திமிரை!”

“வாடின செடிக்குத் தண்ணி ஊத்தறது திமிரா? நல்ல மனசுன்னு சொல்லுங்க,” என்றாள் மனைவி.

அன்றே அவர் கவுன்சிலரைப் பிடித்தார். கவுன்சிலருக்குக் கண்ணாடி போட்டுவிட்டவரே அவர்தான்; மறுக்க முடியுமா? கொஞ்ச நாளில் தெருவில் பலகை முளைத்தது: ‘ஒரு பக்கம் மட்டுமே வண்டி நிறுத்தலாம்.’ அந்த ஒரு பக்கம், அவர் பக்கம். எதிர்வரிசைக் கார்கள் மொத்தமும் இங்கே குடிவந்தன. அவருக்கு அடுத்த தெருவில்கூட இடம் கிடைக்கவில்லை.

“உங்க புண்ணியத்துல எங்க வாசல் காத்தோட்டமா இருக்கு சார்!” என்று எதிர்வீட்டு வக்கீல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் கவுன்சிலரிடம் ஓடினார். “ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம்னு மாத்தி விடுங்க சார். அப்பத்தான் நியாயம்.”

அதுவும் வந்தது. விடிந்தும் விடியாததுமாகத் தெருவே லுங்கியும் நைட்டியுமாக வண்டியை இடம் மாற்ற இறங்கியது. முதல் நாளே வக்கீல் பின்னால் எடுத்த கார் இடித்து, கடைக்காரரின் கார் முன்விளக்கு நொறுங்கியது.

“இந்த யோசனையைச் சொன்ன மகான் யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்!” என்று பல்லைக் கடித்தார் வக்கீல்.

“எனக்கும் அதே சந்தேகம்தான் சார்,” என்றார் கடைக்காரர், கண்ணாடிச் சில்லைப் பொறுக்கியபடி.

கடைசியில் விஷயம் நகராட்சிக் கூட்டத்துக்கே போனது. பொதுமக்களும் பேசலாம் என்றார் தலைவர் அம்மாள். கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“வெளியாள் வண்டிக்கு எங்க தெருவுல இடமே கூடாதும்மா! வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் குடுங்க. அதுவும் குடும்பத்து ஆள் வண்டிக்குத்தான். ஸ்டிக்கர் இல்லைன்னா, எவன் வண்டியா இருந்தாலும் சக்கரத்துக்குப் பூட்டு!”

“ரெண்டா கேளுங்களேன்,” என்று கவுன்சிலர் காதைக் கடித்தார்.

“ஒண்ணே போதும்! ரெண்டு குடுத்தா, ஒண்ணை எவனுக்காவது தாரை வாத்துடுவாங்க.”

மன்றமே கைதட்டியது. தீர்மானம் நிறைவேறியது. வக்கீல்கூட வந்து கைகுலுக்கினார்.

ஸ்டிக்கர் கொடுத்த அன்று காரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்கு வந்திருந்தார்; கடையில் சரியான கூட்டம். “நீங்க ஏன் அலையறீங்க? நானும் பொண்ணும் போய் வாங்கிடறோம்,” என்றாள் மனைவி போனில். பெண்டாட்டிக்கு இவ்வளவு பொறுப்பு வந்துவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், “வாங்கியாச்சா?” என்றார்.

“வாங்கி ஒட்டியும் ஆச்சுப்பா,” என்றாள் மகள். அன்றைக்கு அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பாதி முகம் சவரம் செய்திருந்தபோது, வாசலில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். வெள்ளைக் காரும் நின்றது, நகராட்சி ஊழியரும் குனிந்து பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு பாய்ந்து ஓடினார்.

“போடுங்க! நல்லா இறுக்கிப் போடுங்க!”

கிட்டே போனதும்தான் தெரிந்தது, பூட்டு ஏறிக்கொண்டிருந்தது அவருடைய கார்ச் சக்கரத்தில்.

“அடப்பாவி, இது என் வண்டிய்யா! வெளியாள் வண்டி அதோ நிக்குது பாருங்க, வெள்ளையா!”

ஊழியர் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது எப்படி சார் வெளியாள் வண்டியாகும்? உங்க மாப்பிள்ளை வண்டின்னு உங்க சம்சாரமும் பொண்ணுமா வந்து, உங்க வீட்டு ஸ்டிக்கரை வாங்கிட்டுப் போனாங்களே!”