பல்லால் இன்ஜின் கேட்டவர்

உலகத்தில் காதால் கேட்பவர்கள் கோடானுகோடிப் பேர். பல்லால் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் ராயபுரத்தில் எங்கள் சந்தில் குடியிருந்தார். பெயர் பல்கடி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருடைய மனைவிக்கே மறந்துபோயிருக்கும். இப்போது மகன் வீட்டோடு அத்திப்பட்டுக்குப் போய்விட்டார். அந்த ஊர்க் கார்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

கப்பலில் இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை பார்த்து, அந்தச் சத்தத்துக்கு இரண்டு காதையும் காவு கொடுத்துவிட்டுக் கரையேறியவர். பின்னால் டேங்கர் லாரி ஹாரன் அடித்தாலும் திரும்பமாட்டார். ஆனால் முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, மரப்பிடியை வாயில் கடித்துக்கொண்டால் போதும். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற அந்தக் குட்டிச் சாதனம் 'டிக் டிக்' என்று அடிப்பது எலும்பு வழியாக அவர் மண்டைக்குள் போய்விடும். மேல்வரிசையில் பாதி பல்செட். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கடிப்பார். "கட்டுன பல்லு பொய் சொல்லும், நைனா" என்பார்.

வைத்தியம் தொடங்குமுன் தெரு மொத்தமும் வாயை மூடியாக வேண்டும். மீன் விற்கிற பிலோமினா அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல், கையையும் வாயையும் ஆட்டிக் கேட்டேவிட்டார்.

"உனுக்குத்தான் காதே கேக்காதே! நாங்க இன்னாத்துக்கு வாய மூடிக்கினு குந்தணும்?"

"எனுக்குக் கேக்காது. இன்ஜினுக்குக் கேக்கும்ல? சத்தம் போட்டா அதுக்குக் கூச்சமாக் கீது."

எந்த வண்டிக்கும் அவரிடம் ஒரே நோய்தான்: இன்ஜெக்டர் அடைப்பு. பெட்ரோல் தீர்ந்து நின்ற ஆட்டோவுக்கும் அதுவேதான். எங்கள் வீட்டு மிக்ஸி ஓடாதபோதும் அதையே சொன்னார். எனக்குச் சளி பிடித்து மூக்கடைத்த அன்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் ஸ்க்ரூடிரைவர் எட்டாத தூரத்துக்கு நகர்ந்துகொண்டேன். ஒருமுறை இடம் தவறி ஸ்பார்க் ப்ளக் ஒயரில் முனையை வைத்துவிட்டார். மரப்பிடி எச்சிலில் ஊறியிருந்ததோ என்னவோ, துள்ளிப்போய் பிலோமினா அக்காவின் மீன்கூடையில் உட்கார்ந்தார். எழுந்ததும் செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "ப்ளக்கு சோக்காக் கீது. அத்த மாத்த வாணாம்."

இப்பேர்ப்பட்டவரை நம்பித்தான் என் தங்கை ஸ்டெல்லாவின் கல்யாண ஊர்வலத்தை ஒப்படைத்தோம்.

அப்பா ஆசையாக வாங்கிய காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா போன பிறகு அந்தக் கார் உறை போட்டபடியே கிடந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பேண்டு செட் முன்னால் ஆடிக்கொண்டு போக, மணப்பெண்ணின் கார் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து வரவேண்டும். எங்கள் காருக்கோ ஓடத் தெரியும், ஊரத்தான் தெரியவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உதறி உதறி அணைந்துவிடும். மிதித்தால் ட்ரம்பெட்காரர் மேல் ஏறிவிடும்.

"நடு ரோட்ல நின்னுச்சுன்னா அப்பா வண்டியப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்கண்ணா" என்று அழுதேவிட்டாள்.

பல்கடி வந்தார். பல்செட் பைக்குள் போனது. தெரு அடங்கியது. நாலு இன்ஜெக்டரையும் கடித்துக் கேட்டுவிட்டு, மூன்று விரலைக் காட்டினார். மூன்றாவதில்தான் கோளாறாம். மிக்ஸி ஞாபகம் வந்து நான் உதட்டைப் பிதுக்கினேன். உடனே இன்ஜின் ஓட ஓட ஒவ்வொரு இன்ஜெக்டரின் ஒயரையும் கழற்றி மாட்டினார். மற்றவற்றைக் கழற்றியபோதெல்லாம் இன்ஜின் இன்னும் மோசமாகத் துடித்தது. மூன்றாவதைக் கழற்றியபோது அது கண்டுகொள்ளவே இல்லை.

"பாத்தியா? இவன் கீறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். வண்டி சும்மாவே கெடந்து பெட்ரோலு பிசினாயிட்சி."

வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே இன்ஜெக்டர் அடைப்பு! அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தால் கல்யாணம் அவருக்கோ என்று தோன்றும். கழற்றி, மருந்தில் ஊறவைத்து, பீய்ச்சிக் கழுவி மாட்டினார். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலையும் மாற்றினோம். பிறகு, ஊரே ஒதுங்கிப்போகிற எண்ணூர் ரோட்டில், கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே என்னைக் காரை விடச் சொன்னார்.

"ஊர்வலத்துக்கு ஒத்திகை பாக்க இத்த வுட்டா வேற ரோடு எங்க கீது?"

மத்தியானம் முழுக்க லாரிகளோடு ஊர்ந்தோம். கார் நிற்கவில்லை. எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போனது.

அப்படியும் அவருக்கு நிம்மதி இல்லை. கல்யாணத்தன்று பானெட்டில் ஒரு பூகூட வைக்கவிடவில்லை. அடிக்கடி திறந்து பார்க்க வேண்டுமாம். மல்லிகை மொத்தமும் டிக்கியில் தொங்கியது. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, பானெட் மேல் ஒரு கையை வைத்தபடியே காரோடு நடந்து வந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் மறுகையைத் தூக்குவார். பேண்டு நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, பானெட்டைத் திறந்து ஸ்க்ரூடிரைவரைக் கடிப்பார். "ம், ஊது!" என்றதும் மறுபடி மேளம் கிளம்பும். பின்சீட்டில் ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் கண்மையெல்லாம் கரைந்துவிட்டது.

கோயில் வாசலில் கார் நின்றது. நான் நிறுத்தியதால்தான் நின்றது.

படியில் குடும்பப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். பல்கடிக்கு எங்கே கேட்கிறது? கார்ப் பக்கமாகவே ஒதுங்கி நின்றார். ஸ்டெல்லா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய், அவர் கையைப் பற்றி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"வா மாமா! எங்கப்பா நிக்கிற எடம் காலியாக் கீது."

அந்தப் படத்தில் அவளுக்குப் பக்கத்தில், ஸ்க்ரூடிரைவரும் பொக்கைச் சிரிப்புமாக நிற்கிறார் பல்கடி. சொந்தக்காரர் இல்லையென்றால் ஓரமாக வெட்டிவிட்டு ஃப்ரேம் போடட்டுமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். வேண்டாம், அது எங்கள் குடும்பப் போட்டோ என்று சொல்லிவிட்டேன்.