நாலு அறை வீட்டுக்காரரின் மண்தரை ஆட்டம்

இந்த வருடமும் சேசுராஜிடம் தோற்றால் டென்னிஸ் ராக்கெட்டைப் பரணில் போட்டுவிட்டு, ஆயுளுக்கும் கிளப் வாசலை மிதிப்பதில்லை என்று காலண்டர் வியாபாரி செய்யது அபுதாஹிர் மதியச் சாப்பாட்டில் அறிவித்தார். அவர் மனைவி சபியா இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

பதினோரு வருடமாக விருதுநகர் கிளப்பின் ஆண்டுப் போட்டியில் அவர் வேதியியல் வாத்தியார் சேசுராஜிடம் தோற்று வந்தார். குற்றம் தன்மேல் இல்லை, தரைமேல் என்பது அவர் கட்சி. அதை அவர் முறைப்படி நிறுவுவார். புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வரும். ஓங்கி சர்வீஸ் போடுகிறவனும், முழங்கால் மடங்குகிறவனும் அங்கே பிழைப்பார்கள். சிமெண்டில் பந்து ஒழுங்காக எழும்பும், ஆனால் யோசிக்க விடாது, கைவேகக்காரனுக்கு அது. மண்தரை ஒன்றுதான் பந்தைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, உயர எழுப்பித் தரும். அது பொறுமைசாலிக்கும் சிந்தனையாளனுக்கும் உரிய தரை. தான் இரண்டுமே என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சிமெண்டில்தான், சிந்தித்து முடிப்பதற்குள் பந்து கம்பிவேலிக்குப் போய்விடுகிறது.

இந்த வருடம் சிமெண்ட் தரை பிளந்துபோய், கிளப்பில் செம்மண் கொட்டி ரோலர் உருட்டிவிட்டார்கள். பதினோரு வருடத்துச் சாக்கு ஒரே லாரி மண்ணில் புதைந்தது. சபதம் போடாமல் வேறு என்ன செய்வார்?

அன்று சாயங்காலம் சபியா அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் டென்னிஸ் பற்றிக் கேட்ட முதல் சந்தேகம்.

"மண்ணுல ஓடிப்போய் நிக்கக்கூடாது, சறுக்கிட்டே போய் அடிக்கணும்னு சொன்னீகள்ல. அதை எங்கன பழகுவீக?"

அபுதாஹிர் யோசித்தார். சிந்தனையாளர் அல்லவா? அவர் முடிப்பதற்குள் அவளே வழி சொன்னாள். கூடத்து மொசைக் தரையை நனைத்து, காலுக்கு ஒன்றாக இரண்டு ஈரத்துணியை மிதித்துக்கொண்டு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை சறுக்கினால் ஆயிற்று. வாளியும் தயாராக இருந்தது.

தண்ணீரில் ஃபினாயில் எதற்கு என்று மட்டும் கேட்டார். வழுக்கல் பதமாக இருக்கும் என்றாள். விஞ்ஞானபூர்வமாகத்தான் பட்டது.

முதல் நாள் கூடம். இரண்டாம் நாள், எல்லாத் தரையும் ஒன்றுபோல இராது என்பதால், படுக்கை அறைகள் மூன்றும். மூலைப் பந்தை எடுப்பதற்காக, இரும்பு பீரோவுக்கு அடியில் குதிகாலைத் திருப்பி உள்ளே விட்டு இழுக்கும் ஒரு நுட்பத்தையும் சபியா கற்றுக்கொடுத்தாள். புல்தரை ஆட்டமும் கைவிட்டுப் போய்விடக்கூடாதே என்று, கொல்லைப்புறத்தில் முழங்காலை மடக்கிக் களை பிடுங்கினார். மொட்டைமாடியில் ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போட்டார். சர்வீஸுக்கு மணிக்கட்டு அப்படித்தான் சுழலவேண்டுமாம்.

வேலைக்கு வரும் பாலம்மாள் மூன்று வாரமாக வராததை அவர் கவனிக்கவில்லை. வந்த நாட்களிலும் கவனித்ததில்லை.

போட்டி நாளன்று கேலரியில் சபியாவும் சேசுராஜின் மனைவி, நர்ஸ் கனகமணியும் ஒரே பொட்டலத்துக் காரச் சீவலைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் செட் அபுதாஹிருக்கு. இரண்டாவதில் அவர் ஒரு பந்தை மூலைக்குத் திருப்பினார். சிமெண்டில் மரம்போல நிற்கிற சேசுராஜ் வெண்ணெயில் கத்தி போவதுபோல் சறுக்கி வந்தார். வந்து, குதிகாலைத் திருப்பி, லேசாகக் குனிந்து, உள்ளே விட்டு இழுத்தார்.

அபுதாஹிர் அசையாமல் நின்றார். பந்து அவரைத் தாண்டிப் போயிற்று. அதற்குப் பின் அந்த செட்டும் போயிற்று. அவர் கண்ணில் பந்து இல்லை. பீரோ இருந்தது.

பக்கம் மாறும்போது சேசுராஜின் அருகில் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"சார், உங்க வீட்டுல வேலைக்கு யாரு?"

"பாலம்மாள்தான். உங்க வீட்டுக்கும் அவதானே? சீசனுக்கு நாரணாபுரத்துல வெடி பேக்கிங் போயிட்டா. மூணு வாரமாச்சு. ஏன் கேக்கீக?"

"ஃபினாயிலா, லோஷனா?"

சேசுராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார்.

"லோஷன்," என்றார். "எலுமிச்சை வாசம்."

இருவரும் ஒரே சமயத்தில் கேலரியைப் பார்த்தார்கள். கனகமணி கையை ஆட்டினாள். சபியா சீவலை மென்றாள்.

மூன்றாவது செட்டை இரண்டு பேரும் சறுக்கிச் சறுக்கியே ஆடினார்கள். யாரிடம் முறையிடுவது? கடைசியில் ஏழுக்கு ஐந்து என்று அபுதாஹிர் ஜெயித்தார். சிந்தனை ஜெயித்தது என்று மறுநாள் கிளப்பில் பேசிக்கொண்டார்கள். காரணம் அதைவிட எளிது. சேசுராஜ் இருப்பது இரண்டு அறை வீட்டில். அபுதாஹிருக்கு நாலு அறை.

பதினோரு வருடம் வாத்தியார் வீட்டில் இருந்து கறுத்துப்போன சுழற்கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் வரும்போது அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோற்றிருந்தால் கிளப் கிடையாது. காலை முழுக்க வீட்டில், வாளி பக்கத்தில். ஜெயித்தாயிற்று, கோப்பையைக் காப்பாற்றப் பயிற்சியை விடமுடியாது. எந்தத் தரையில் ஆடினாலும் எதிராளி ஒருத்திதான். இதை இன்றே பேசித் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாலம்மாள் நாரணாபுரம் போய் மூணு வாரமாச்சாமே."

"ஆமா," என்றாள் சபியா. "தீபாவளி முடியாம அவ எங்க வரப்போறா?"

மறுப்பாள் என்று நினைத்து அவர் தயாரித்து வைத்திருந்த அடுத்த ஏழு வாக்கியங்கள் வீணாயின. அவள் கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினாள். பிறகு அடுக்களைக்குப் போய், ஒரு கிண்ணத்தில் கரைத்த புளியோடு திரும்பி, இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"பித்தளைதான். அழுத்தித் தேய்ங்க. பேக்ஹேண்டுக்கு நல்லது."