ஒன்பதாவது ஆள்

“ஏழுதான் இருக்கு ஆர்லோ. எட்டு வேணும்” என்றார் கூட்டத் தலைவி ஜெனீவா.

ஆர்லோ தன் மூலையை மறுபடி எண்ணினார். தன்னையும் சேர்த்து ஏழுதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அவருடைய கட்சிக்காரர்கள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் அவரவருக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தேறாத மூலையைக் கலைத்துவிடுவார்கள்.

இருபத்தெட்டு வருடமாக ஆர்லோ நின்ற மூலையெல்லாம் கலைந்த மூலைதான். இந்த முறை வேட்பாளர் வில்லா டாகெட் அம்மையார் அவர் வீட்டுக்கே வந்து, பூசணிக் கேக் இரண்டு துண்டு சாப்பிட்டு, “இந்த ஊருக்கு உங்களைத்தான் நம்பியிருக்கேன்” என்று சொல்லிப் போயிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக ஆர்லோ வருடம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். மூன்று நாய்க்கடியும் வாங்கியாயிற்று.

“கதவு மூட இன்னும் எத்தனை நிமிஷம்?” என்று ஜெனீவாவிடம் கேட்டார்.

“ஆறு.”

பனியில் வழுக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்தின் எதிர்வீட்டுக்கு ஓடினார். மனைவியின் தம்பி வெர்லின் டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“கிளம்புடா! என் மானம் போகுது!”

“அது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை போறதுதானே மாமா?”

சட்டையைப் பிடித்து இழுத்து வந்து மூலையில் நிறுத்தினார். எட்டு! ஜெனீவா அரங்கில் இருந்த தலைகளையெல்லாம் மறுபடி எண்ணி, கால்குலேட்டரைத் தட்டினார்.

“முன்னே ஐம்பத்து மூணு பேர், எட்டு போதும். இப்ப இவன் வந்ததுல ஐம்பத்து நாலு. பதினஞ்சு சதவீதம்னா எட்டு புள்ளி ஒண்ணு.”

“அதான் எட்டு இருக்கே!”

“அந்தப் புள்ளி ஒண்ணுக்கு ஒரு முழு ஆள் வேணும். ஆக ஒன்பது.”

“அப்ப இவனை வீட்டுக்கே அனுப்பிடறேன்!”

“அனுப்புங்க, எட்டு போதும். ஆனா உங்ககிட்ட ஏழுதானே இருக்கும்?”

ஆர்லோவுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து மூலையில் பிஸ்கட் தட்டோடு நின்ற பெர்னிஸிடம் ஓடினார்.

“வரலாம்தான். உன் பன்னிங்க என் சோளத்துல புகுந்தப்போ நீ எந்த மூலையில இருந்தே?”

மிச்சமிருந்தது ஒரே ஒருவர். எந்த மூலையிலும் சேராமல், சுவரோரம் கைகட்டி நின்ற ஒரு புதுமுகம்.

“ஐயா, எங்க மூலைக்கு வாங்களேன்.”

“நான் இங்கயே நிக்கறேன் சார்.”

“டாகெட் அம்மா மருந்து விலையைக் குறைப்பாங்க!”

“குறைக்கட்டும், நல்லதுதான்.”

“பத்தடி தள்ளி நின்னா போதும்யா!”

“இந்த இடத்தை விட்டு நகர முடியாது சார்.”

இப்படியொரு கொள்கைப் பிடிப்பை ஆர்லோ ஆயுளில் பார்த்ததில்லை. மண்டியிட்டுக்கூடக் கெஞ்சினார். ஜெனீவா விசில் ஊதினார். டாகெட் மூலை கலைந்தது. முடிவு தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தது, இனி யாராலும் மாற்ற முடியாது.

ஊரே கிளம்பிப் போய்விட்டது. ஆர்லோ நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அம்மையாரிடம் எந்த முகத்தோடு சொல்வது? செத்தாலும் இனி எந்த மூலையிலும் நிற்பதில்லை.

அந்தப் புதுமுகம் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். நான் இந்தப் பள்ளிக்கூட வாட்ச்மேன், எனக்கு ஓட்டு பக்கத்து மாவட்டத்துல. லைட்டை அணைக்க ஸ்விட்ச்கிட்ட நின்ன என்னையும் சேத்துதான் அந்தம்மா ஐம்பத்து நாலுன்னு எண்ணிட்டாங்க.”