இரண்டாவது மதிப்பீட்டாளர்

ஆய்விதழிலிருந்து பதில் வந்துவிட்டது. முதல் மதிப்பீட்டாளர், "அருமையான கட்டுரை" என்று எழுதியிருந்தார். இரண்டாமவர்தான் கட்டுரையை எழுதிய நிருபம் லாகிரியின் தலையில் கல்லைப் போட்டார்.

'கட்டுரையாளர் பரிதோஷ் பாக்சியின் மூன்று முக்கியமான ஆய்வுகளைப் படித்ததாகவே தெரியவில்லை.'

"பாத்தியா சுதேஷ்ணா, பாத்தியா! பேரைப் போடாம ஒளிஞ்சிக்கிட்டு என்ன வேலை பண்றான் பாரு!"

"யாரு?" என்றாள் மனைவி.

"வேற யாரு, பாக்சிதான்! மதிப்பிடறவங்க பேரைச் சொல்லமாட்டாங்க, சரி. ஆனா பாக்சியைப் படின்னு பாக்சியைத் தவிர எவன் சொல்லுவான்?"

கல்கத்தாவில் எந்தப் பொருளாதாரப் பேராசிரியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அவர்கள் தொழில் ரகசியம் அப்படி.

வட்டியைக் குறைத்தால் நாடு வளரும் என்று லாகிரி இருபத்திரண்டு வருடமாக எழுதி வருகிறார். குறைத்தால் விலைவாசிதான் ஏறும் என்பது பாக்சியின் கட்சி. ஒரு கருத்தரங்கில் இதற்காக மைக்கைப் பிடுங்கிச் சண்டை போட்டதிலிருந்து, ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இருபதாம் தேதி பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அதற்குள் இந்தக் கட்டுரை ஏற்கப்படாவிட்டால், இணைப் பேராசிரியராகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லாகிரிக்கு வயது ஐம்பத்தொன்பது. பாவம், தூக்கமே போய்விட்டது.

"அந்த மூணையும் சேர்த்துத்தான் தொலைங்களேன். குடியா முழுகிடும்?" என்றாள் சுதேஷ்ணா.

சேர்த்தார். 'பாக்சியின் ஆழ்ந்த பார்வை' என்று இரண்டு இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

சிறப்பிதழ் என்பதால் பதில் சுடச்சுட வந்தது. 'பெயர்களைச் சேர்த்தால் போதாது. பாக்சியின் வாதத்தை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்.'

"நேர்ல வந்து கால்ல விழுன்னு சொல்றான்டி!"

"அப்ப போய் விழுங்க. வெறுங்கையோட போகாதீங்க."

கரியாஹாட் சந்தையில் ஒன்றரைக் கிலோ ஹில்சா மீன் வாங்கிக்கொண்டு, கொட்டும் மழையில் சால்ட் லேக் போய் பாக்சி வீட்டுக் கதவைத் தட்டினார் லாகிரி. திறந்த பாக்சி இரண்டடி பின்வாங்கினார்.

"நிருபம் அண்ணா! நீங்களா?"

"சும்மாதான் பரிதோஷ். இந்தப் பக்கம் வந்தேன்."

பாக்சியின் மனைவி இந்திராணி மீனைக் கடுகு அரைத்துப் போட்டுச் சமைத்தாள். பாக்சி பெரிய துண்டங்களையெல்லாம் லாகிரியின் தட்டிலேயே தள்ளினார். சாப்பாடு முழுக்க லாகிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கட்டுரையெல்லாம் மறுபடி படிச்சேன். அற்புதம்!" என்று ஒருவழியாக ஆரம்பித்தார் லாகிரி.

பாக்சிக்குப் புரையேறியது. "நெஜமாவா? குறை எதுவும் கண்ணுல படலையே?"

"ஒண்ணுகூட இல்ல!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு சின்னக் குறைகூட இல்லையா?"

என்ன பேராசை! இன்னும் புகழச் சொல்கிறானே என்று லாகிரிக்கு உள்ளுக்குள் கொதித்தது. மேலும் கால் மணி நேரம் புகழ்ந்தார். வீட்டுக்கு வந்ததும் கட்டுரையின் முடிவையே திருப்பிப் போட்டார். வட்டியைக் குறைத்தால் வளர்ச்சி இல்லை, விலைவாசிதான் ஏறும் என்று இருபத்திரண்டு வருட உழைப்புக்குத் தன் கையாலேயே கொள்ளி வைத்து அனுப்பினார்.

பதினெட்டாம் தேதி பதில் வந்தது.

'முதலில் எழுதிய முடிவுதான் புள்ளிவிவரத்தோடு ஒத்துப்போனது. பத்தே நாளில் கட்டுரையாளருக்கு என்ன ஆயிற்று?'

லாகிரி செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. ஆட்டோ பிடித்து சால்ட் லேக் போய் அழைப்பு மணியை அழுத்தியவர் விரலை எடுக்கவேயில்லை.

இந்திராணி கதவைத் திறந்தாள்.

"எங்கம்மா அந்த ஆளு? இன்னும் என்னதான் பண்ணணும் நான்? கூப்பிடு வெளிய!"

இந்திராணி இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவர் உங்க கால்ல விழத்தான் உங்க வீட்டுக்குப் போயிருக்காரு, முப்பது வருஷக் கொள்கையை விட்டுட்டு, வட்டியைக் குறைச்சா நாடு வளரும்னு நீங்க சொல்றதையே தன் கட்டுரையில எழுதி அதே இதழுக்கு அனுப்பிட்டாரு, பேரைப் போடாம ஒளிஞ்சிக்கிட்டு அவரை இப்படி வாட்டாம இனிமேலாவது அந்தக் கட்டுரையைப் பாஸ் பண்ணி விடுங்களேன்!"